மடவைக்குக் கொட்டிய உப்பு

வயலில் மீன் விடுவது சித்தப்பாவின் யோசனை. அவர் கடற்கரைப் பக்கம் ஓர் இறால் பண்ணைக்கு வேலைக்குப் போயிருந்தார். பண்ணையை மூடிவிட்டார்கள். திரும்பி வரும்போது ஒரு பிளாஸ்டிக் டிரம் கொண்டு வந்தார். பேளுக்குறிச்சியில் பஸ் ஏறி, கொல்லிமலை வளைவு முழுக்க அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாராம். பக்கத்தில் நின்றவர்கள் கள் என்று நினைத்து மோந்து பார்த்தார்களாம். உள்ளே கொசுப்புழு அளவில் மீன் குஞ்சுகள். பாதி செத்து மிதந்தன.

மடவை என்று பெயர் சொன்னார். ஆறு கடலில் சேருகிற இடத்தில், முழங்கால் தண்ணீரில், கொசுவலையால் அள்ளியது.

“அங்க தண்ணியே தெரியாதுங்ணா, அத்தனையும் குஞ்சு. உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலந்து கெடக்குது. அங்கயே பொறக்குது, அங்கயே வளருது. நம்ம தண்ணிக்குப் பழக்கி உட்டா இங்கயும் பெருகும்.”

அவர் பொய் சொல்லவில்லை. குஞ்சு அங்கே இருந்தது, அதனால் அங்கேதான் பிறந்தது என்று நினைத்துவிட்டார். நாங்கள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. நம்பினோம்.

எங்களுக்கு இருந்தது ஒரே வயல். வாசலூர்பட்டிப் பக்கம், ஓடையை ஒட்டி. அதன் மேல்பாதியை அப்பா குட்டையாக வெட்டினார். அம்மா வரப்பில் நின்றாள்.

“ஏனுங்க, சோத்துல பாதிய வெட்டிப் போடறீங்க.”

“மீதிப் பாதிக்குக் கொழம்பு வேண்டாமா?”

குஞ்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைத் தண்ணீருக்குப் பழக்கி உள்ளே விட்டார்கள். பாசியைத் தின்று விரல் அளவு வந்தன. அடுத்த வருஷம் முழங்கை அளவு. ஒன்றைக்கூட அப்பா தொட விடவில்லை. சாமையோ ராகியோ, விளைந்ததில் நல்லதை விதைக்கு ஒதுக்கிவிட்டுத்தான் எங்கள் பக்கம் உலை வைப்பார்கள். அப்பாவுக்குக் குட்டை முழுவதும் விதையாகத் தெரிந்தது. “மொதல்ல குஞ்சு வுடட்டும், அப்பறம் தின்னலாம்” என்பார். மீன் துள்ளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரசச்சோறு சாப்பிட்டோம்.

பாதி வயலின் நெல் பாதி வருஷத்துக்குத்தான் வந்தது. கீழே நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்க்கிற ஆள் செம்மேட்டுச் சந்தைக்கு வருவான். ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். மூன்று வருஷம் அங்கேயே தங்கி வேலை செய்ய வேண்டும். நான் அப்போது ஏழாவது படித்தேன்.

“மீன் குஞ்சு வுடட்டும், எம்புள்ள எங்கயும் போவ வேண்டியதில்ல” என்றார் அப்பா.

“வுடலீன்னா?” என்றாள் அம்மா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் குட்டைக்குப் போவேன். ஓரத்தில் கருப்பாக ஏதாவது நெளிந்தால் வீடுவரை கத்திக்கொண்டு ஓடுவேன். எல்லாம் தலைப்பிரட்டை.

சித்தியின் குழந்தைக்கு ஊசி போட வந்த நர்சம்மா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மீனைக் கண்டதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினார்.

“யம்மா, மடவையில்லா இது! மலைக்கு மேல எப்படி வந்துச்சு?”

அப்பா பெருமையாகச் சொன்னார். குஞ்சுக்குக் காத்திருப்பதையும் சொன்னார். நர்சம்மா சிரித்துவிட்டார்.

“இங்கன எப்படிப் போடும்? முட்டைய கடலுக்குள்ள போயில்லா போடும். பொரிஞ்ச பொறவு குஞ்சு ஆத்து மொகத்துக்கு ஒதுங்கும். அங்கன ஆழம் கெடையாது, பெரிய மீன் வந்து முழுங்காது. சேத்துல தீனி கெடக்கும். ஒடம்பு தேறுனதும் கடலப் பாக்கப் போயிரும். அது வளர்ற எடம்யா, பொறக்குற எடம் இல்ல. பேசாம கொழம்பு வச்சிருங்க, எனக்கும் ஒரு கிண்ணம் தாங்க.”

அவர் போனதும் சித்தப்பா, “ஊசி போடறவங்களுக்கு மீனப் பத்தி என்னங்ணா தெரியும்?” என்றார். அப்பா யோசித்தார். நர்சம்மா அவ்வளவு சொன்னதில் அவர் எடுத்துக்கொண்டது ஒரு வார்த்தை. கடல். கடல் என்றால் உப்பு.

அடுத்த சந்தையில் அம்மாவின் ஆடுகள் கல்லுப்பு மூட்டைகளாக மாறின. உப்பு கரைந்து வெளியே போய்விடாமல் அப்பா மடையை மண்போட்டு அடைத்தார். நான் பாத்திரம் பாத்திரமாக அள்ளிக் கொட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக வேறு வேலை செய்ததில்லை.

“போடு கண்ணு, நல்லாப் போடு” என்றார் அப்பா. கையில் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். “ஏண்டா, கடலு இப்பிடித்தான் இருக்குமா?”

சித்தப்பாவும் நக்கிப் பார்த்தார். “இன்னுங் கொஞ்சம் வேணுங்ணா.”

இன்னும் கொட்டினோம்.

மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிட நன்றாகத் துள்ளின. கீழ்ப்பாதியில் நெல் இலைதான் நுனியில் மஞ்சளாகப் பழுத்தது. வரப்பு வழியே உப்பு கசிந்து இறங்கிவிட்டது. கொஞ்ச நாளில் பயிர் முழுவதும் நெருப்பு பட்டது போல் காய்ந்தது. குஞ்சு வரவில்லை.

அம்மா சண்டை போடவில்லை. அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு போய்க் குட்டைக் கரையில் உட்கார்ந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக் கரையை வெட்டிவிட்டார். உப்புத் தண்ணீர் செத்த பயிர் வழியாக ஓடியது. சேற்றில் மீன்கள் புரண்டன.

அம்மா ஒவ்வொன்றாக வயிற்றைக் கிழித்தாள். கிழித்ததை அப்பாவிடம் காட்டினாள்.

“பாத்துக்கங்க. ஒரு சினை இல்ல.”

குழம்பு ருசியாகத்தான் இருந்தது. அதில் பொய் சொல்ல முடியாது. அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். வயிற்றுத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். நர்சம்மாவுக்கு ஒரு கிண்ணம் அனுப்பலாமா என்று சித்தப்பா கேட்டார்.

மில் வேன் செம்மேட்டில் நிற்கும் என்று சொன்னார்கள். அம்மா என் பையைத் தூக்கிக்கொண்டாள். வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா வயலுக்குள் நின்றார். ஓடைத் தண்ணீரை உள்ளே விட்டு நிரப்பினார். சேற்றை மிதித்துக் கலக்கினார். கீழ்மடையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே விட்டார். மறுபடியும் நிரப்பத் தொடங்கினார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மறுபடி நெல் போடப் போகிறார், இந்த முறை முழு வயலுக்கும்.

“அப்பா, அறுப்புக்கு வந்துடறேன்!” என்று வரப்பிலிருந்து கத்தினேன்.

“செரி கண்ணு” என்றார். நிமிரவில்லை.

அம்மா என் கையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். நடவுக்குச் சேறு கலக்குகிறார் என்றே வேனில் ஏறும்வரை நினைத்திருந்தேன். அவர் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.