புல்லை உரித்த நாள்

கட்டைக்கு இரண்டு வேலைதான் தெரியும் என்று மேஸ்திரி போகிற இடமெல்லாம் சொல்வார். புல் போடத் தெரியும், புல் பிடுங்கத் தெரியும். அடி வாங்குவது மூன்றாவது வேலை. அதை அவர் வெளியே சொல்வதில்லை.

மேஸ்திரி அவளுடைய கணவர். ஆறடி ஆள். இவள் அவர் நெஞ்சுக்குக்கூட எட்டமாட்டாள். கல்யாணமான முதல் வாரமே அவர் 'ஏ கட்டை' என்று கூப்பிட்டார், அதுவே பெயராக நின்றுவிட்டது. வாடிக்கையாளர்கள் மரியாதைக்குக் 'கட்டையம்மா' என்பார்கள்.

அவருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, பீடி கிடையாது. அதனால் அடிப்பதற்குச் சாக்கும் கிடையாது. சாப்பாடு ஆறியிருந்தால் அடிப்பார். மழை வந்து வேலை நின்றால் அடிப்பார். வேலை நன்றாக நடந்த நாளில், எதற்கு இளிக்கிறாய் என்று அடிப்பார். கைக்கு எது அகப்படுகிறதோ அது. ரப்பர் குழாய், செருப்பு, மண்வெட்டிக் காம்பு. அடித்து முடித்ததும் கை கால் கழுவிக்கொண்டு, "போட்டதைப் போட்டாச்சு, சாப்பாட்ட எடு" என்பார்.

முன்பெல்லாம் அவர்கள் பெரிய வீடுகளுக்குப் புல்தரை போட்டுக்கொடுத்தார்கள். வண்டியில் வரும் புல் பத்தைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்து, உருளையை இழுத்து அமுக்குவார்கள். உருளை இழுப்பது கட்டை. பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தது. வாரம் ஒருமுறை வெட்டுவதற்கு ஆளும் கிடைக்கவில்லை. அதே வீடுகளிலிருந்து போன் வந்தது. எடுத்துவிடுங்கள், கவனிக்கத் தேவையில்லாத எதையாவது போடுங்கள். மேஸ்திரி பொடுதலையைப் பிடித்தார். தரையோடு தரையாகப் படரும் செடி. வெட்ட வேண்டாம், தண்ணீரும் அவ்வளவு கேட்காது.

வாடிக்கையாளரிடம் அவர் ஒரே ஒரு வசனம்தான் பேசுவார். "மிதிக்க மிதிக்கத்தான் அடர்த்தியா வளரும்மா. நம்ம வீட்டுக்காரி மாதிரி."

எல்லோரும் சிரிப்பார்கள். கட்டையும் சிரிப்பாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. இடது பக்கம் இரண்டு பற்கள் பாதியோடு நின்றிருந்தன.

தம்பிக்கு அந்தப் பல் விஷயம் தெரியாது. குளியலறையில் விழுந்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். அவள் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். லாரியில் கிளீனராக இருந்தான். அக்காவைப் பற்றி ஒருவன் ஏதோ தப்பாகச் சொன்னான் என்று ஒரே ஒரு அடி கொடுத்தான். எதிராளியின் தாடை பிளந்தது. சிறைக்குப் போய் வந்தான். தண்டனை சொல்லும்போதே நீதிபதி, இன்னொரு தடவை கை நீட்டினால் பல வருஷம் உள்ளேதான் என்று சொல்லித்தான் அனுப்பினார். அன்றிலிருந்து கட்டைக்கு ஒரே கவலை. அவன் கை நீளக்கூடாது. அதற்காகத் தன் வாயை மூடினாள், முதுகை மூடினாள், காயத்துக்கு மஞ்சள் போட்டால் கறை தெரியும் என்று அதையும் போடாமல் விட்டாள். அவனைத் தங்கள் வேலையிலேயே சேர்த்து, பகலெல்லாம் கண் முன்னால் வைத்துக்கொண்டாள்.

"நெருப்பப் பக்கத்துல வச்சுக்கிட்டா வெளிய எங்கயும் பத்தாதுன்னு நெனக்கிறியா அக்கா?" என்று அவனே ஒருநாள் கேலி செய்தான்.

"வாய மூடிட்டு மண்ண அள்ளுடா."

பல் டாக்டரம்மா வீட்டு வேலை அப்படி வந்ததுதான். வீட்டின் முன்னறையில் மருத்துவமனை, அதற்கு முன்னால் புல்தரை. அந்தப் புல்லைப் போட்டதும் மேஸ்திரிதான். அதனால் வந்ததிலிருந்தே அவருக்குக் கடுப்பு.

"சொந்தக் கையால வளத்தத சொந்தக் கையாலயே அறுக்கணும்னு எழுதியிருக்கு" என்று முனகினார்.

புல்தரையைப் பிடுங்குவது பார்க்கிறவர்களுக்குத் தோட்ட வேலை. செய்கிறவர்களுக்குத் தோல் உரிக்கிற வேலை. அரைவட்டக் கத்தியை வைத்துக் காலால் ஓங்கி மிதித்தால் தரை வரி வரியாகக் கிழியும். தட்டை மண்வெட்டியை அடியில் செருகித் தள்ளினால் வேர்கள் படபடவென்று அறுபடும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், உடம்பிலிருந்து கட்டுத்துணி வருவது மாதிரி, புல் மண்ணை விட்டு வரும். அடியில் மண்புழுக்கள் துண்டாகித் துடிக்கும். அன்று ஒரு தவளையும் மாட்டியது. கத்தி அதன் இடுப்பில் இறங்கிவிட்டது. பின்னங்கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் நீந்திக்கொண்டிருந்தன. மேஸ்திரி அதைச் செருப்பு முனையால் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். தம்பி அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

நண்பகலுக்குள் முன்பகுதி முழுக்க உரிந்து, சிவந்து கிடந்தது. சுருட்டிய புல் மதில் ஓரம் பாய்ச் சுருள்கள் மாதிரி அடுக்கியிருந்தது. டாக்டரம்மா தண்ணீர் கொண்டுவந்தார். மேஸ்திரி தன் வசனத்தைச் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் கட்டைதான் சிரித்தாள். கையெல்லாம் மண் என்பதால் முந்தானையைத் தூக்க மறந்துவிட்டாள்.

"இங்க வா. வாயத் திற" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்லம்மா. குளிக்கிற எடத்துல விழுந்துட்டேன்."

டாக்டரம்மா அவள் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். "விழுந்தா முன்பல்லு போகும், உதடு கிழியும். பக்கவாட்டுல ரெண்டு பல்லு மட்டும் எப்படி உடையும்? யாரோ அடிச்சிருக்காங்க. கட்டையாலயா, கையாலயா?" கத்தரிக்காய் சொத்தையா நல்லதா என்று கேட்கிற குரலில் கேட்டார். உள்ளே நோயாளி கூப்பிட்டான். "சாயங்காலம் வந்து உக்காரு, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பல் ராவுகிற இயந்திரத்தின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

கட்டை திரும்பிப் பார்த்தாள். தோளில் புல் சுருளோடு தம்பி நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

சுருளைக் கீழே வைத்தான். போடவில்லை, மெதுவாக வைத்தான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"மாமா, அக்கா பல்லு எப்படி ஒடஞ்சுது?"

மேஸ்திரி சொம்பைக் கீழே வைத்தார். "அவளக் கேளு."

"உங்களக் கேக்கறேன்."

"இப்ப என்ன மாப்ள? ரெண்டு பல்லுதானே. மிச்சம் முப்பது இருக்குல்ல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "மிதிக்க மிதிக்கத்தானேடா..."

அவர் முடிக்கவில்லை. தம்பி கடப்பாரையை எடுத்துவிட்டான்.

பார்த்துப் பார்த்தே வாழ்ந்தவள் கட்டை. ஒருவன் கை ஓங்குவதற்கு முன்னால் தோள் என்ன செய்யும், பாதம் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தம்பியின் பாதம் திரும்பிவிட்டது. அந்தக் கடப்பாரை இறங்கினால் புருஷன் பிணம், தம்பி சிறை. 'வேண்டாம்டா' என்று கத்தினால் நிற்கமாட்டான். குறுக்கே விழுந்தால் தள்ளிவிட்டு அடிப்பான். அப்போது அவளுக்கு இன்னொன்று தோன்றியது. தம்பி அடித்து மேஸ்திரி பிழைத்தாலும் போலீசுக்குப் போவார். பெண்டாட்டி அடித்தால் எங்கே போவார்? யாரிடம் சொல்வார்?

சாமான் வண்டி ஓரத்தில் மாற்று மண்வெட்டிக் காம்பு ஒன்று கிடந்தது. எடுத்தாள். அவள் உயரத்துக்கு வசமாக எட்டியது முழங்கால்தான். தம்பிக்கு முந்தி, முழுப் பலத்தோடு வீசினாள்.

காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். மேஸ்திரி மடங்கி, உரித்துப் போட்ட மண்ணில் விழுந்தார். விழுந்ததும் அவர் உயரம் போய்விட்டது. இப்போது தோள் எட்டியது, முதுகு எட்டியது. அடித்தாள். அவர் கையைத் தூக்கினார், அந்தக் கையிலும் அடித்தாள். "ஏ கட்டை! ஏய்!" என்றார். பிறகு "அம்மா" என்றார். எதற்கு அடிக்கிறாள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் எந்த நாளும் சொன்னதில்லை.

தம்பி கடப்பாரையோடு அப்படியே நின்றான். ஓங்கிய கை இறங்க மறந்துவிட்டது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த எதிர்வீட்டு மாடிக்காரர் கண்ணில் அது மட்டும்தான் பட்டது. தெருமுனையில் பைக்கில் நின்றிருந்த போலீஸ்காரரைக் கூவிக் கூப்பிட்டதும் அவர்தான். போலீஸ்காரர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, கட்டை காம்பைக் கீழே போட்டிருந்தாள். கீழே கிடப்பவர் ஒருவர், கையில் கடப்பாரையோடு நிற்பவன் ஒருவன். வேறு என்ன தெரிய வேண்டும்?

"யாரு அடிச்சது?"

மேஸ்திரியின் மூக்கில் மண்ணும் ரத்தமும் ஒட்டியிருந்தன. கட்டையைப் பார்த்தார். போலீஸ்காரரைப் பார்த்தார். கையை நீட்டினார். "அவன். என் மச்சான். ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன்."

அவர் வாயைத் திறக்கமாட்டார் என்றுதான் கட்டை கணக்குப் போட்டிருந்தாள். பொய் சொல்வார் என்று நினைக்கவில்லை.

"ஆமா சார், அந்தப் பையன்தான்! கடப்பாரையோட நின்னத நானே பாத்தேன்" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

போலீஸ்காரர் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கடப்பாரை நழுவி விழுந்தது. அக்கா அடித்தாள் என்று அவன் வாயிலிருந்து வராது. அது அவளுக்கும் தெரியும்.

"சார், அவன விடுங்க. நான்தான் அடிச்சேன்" என்றாள்.

போலீஸ்காரர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. "நீயா? ஏணி போட்டா ஏறுன?"

மாடிக்காரர் சிரித்தார்.

"நெசமா சார்."

"தம்பிப் பாசம். சரிம்மா, ஸ்டேஷனுக்கு வந்து அழு, இப்ப நகரு." தம்பியை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

கட்டை குனிந்து காம்பை எடுத்தாள். போலீஸ்காரர் "ஏய், ஏய்" என்று சொல்வதற்குள் மேஸ்திரியின் மற்ற முழங்காலில் போட்டாள். முதல் அடியைவிட இது சுத்தமாக விழுந்தது. மேஸ்திரி அலறிய அலறலில் பல் ராவும் சத்தம் நின்றது. டாக்டரம்மா கையுறையோடு வாசலுக்கு ஓடி வந்தார். பின்னாலேயே வாயில் பஞ்சோடு ஒரு நோயாளி.

"இப்ப நம்புறீங்களா?" என்றாள் கட்டை. "இன்னொண்ணு போடணுமா?"

போலீஸ்காரர் தம்பியின் சட்டையை விட்டுவிட்டார். விட்டது அவருக்கே தெரியவில்லை. காம்பை வாங்கவும் அவர் பக்கத்தில் வரவில்லை. கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு மேஸ்திரியிடம் குனிந்தார். "என்னங்க, என்ன பண்ணலாம்? வழக்குப் போடணும்னா நீங்க வந்து உங்க வாயாலயே சொல்லணும். என்னைய மாதிரி பத்துப் பேரு சுத்தி நிப்பாங்க. இவங்களையும் பக்கத்துல நிறுத்துவோம். உயரத்தப் பாப்பாங்க."

மேஸ்திரி மாடியைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், பஞ்சு வைத்த நோயாளியைக்கூடப் பார்த்தார்.

"வேணாம்" என்றார்.

"மச்சான்தான் அடிச்சான்னு சொன்னீங்களே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா முழங்கால்களைத் தொட்டுப் பார்த்து, ஒன்றில் விரிசல் இருக்கலாம், படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். போலீஸ்காரர் ஒரு வாடகை வண்டியை நிறுத்தினார். ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் தம்பியும் மேஸ்திரியைத் தூக்கினார்கள். கேட்டருகே வந்ததும் மேஸ்திரி கட்டையின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். வீட்டுக்குள் கதவைச் சாத்தியபிறகு வரும் குரல் அது.

"வீட்டுக்கு வருவேன்ல. அப்பப் பேசிக்கலாம்."

"வாங்க" என்றாள் கட்டை. "தம்பிய வீட்டுப் பக்கம் வர வேணாம்னு சொல்லிடறேன். வீட்டுல நான் மட்டும்தான் இருப்பேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காம்பைப் பார்த்தார். வண்டிக்காரனிடம் தன் அண்ணன் வீட்டு விலாசத்தைச் சொன்னார்.

வண்டி போனது. போலீஸ்காரரும் போனார். டாக்டரம்மா உள்ளே போய் மிச்சமிருந்த பல்லை ராவத் தொடங்கினார். உரிந்த தரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தம்பி அக்காவின் எதிரில் வந்து நின்றான். எதிராளியின் தாடையைப் பிளந்தவன், கிட்டே வரத் தயங்கினான்.

"அக்கா, அதக் கீழ போடு."

"போடறேன்டா" என்றாள். போட முடியவில்லை. விரல்கள் காம்போடு இறுகிக் கிடந்தன. அவள் எவ்வளவோ முயன்றும் பிரியவில்லை. அவன்தான் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான்.