ஒரு டம்ளர் மழை

ஜெபகனி என்கிற பேர் சுடலைவடிவின் காதில் முதன்முதலாக விழுந்தபோது அவள் முழங்கை வரைக்கும் மண்ணாக இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தின மார்கழி அது. கொண்டாநகரத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரை மேட்டில், குளத்து மண்ணில் உமியைப் போட்டு மிதித்துப் பொங்கல் கட்டி பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று கட்டி சேர்ந்தால் ஓர் அடுப்பு. சூளையில் வேகிற சாமான் இல்லை. வெயிலிலேயே காய்ந்து இறுகவேண்டும். பிறகு சுண்ணாம்பு அடித்து, காவிப்பட்டை போட்டு, தை பிறக்குமுன் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். காயாத கட்டியில் ஒரு மழை விழுந்தால் அத்தனையும் திரும்பக் குளத்து மண்தான்.

பாளையங்கோட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடையில் வேலை பார்க்கிற அக்காள் மகள் பொன்செல்வி, லீவு நாளில் சித்தியைப் பார்க்க வந்திருந்தாள். போனைக் காதிலிருந்து எடுத்தவள், "சித்தி, தார்ப்பாய எடுத்து மூடு. எங்க கடை ஜெபகனிக்கா பேசுனா. கிழக்க அவ வீட்டுல மழ விழுந்துட்டாம். முக்கா மணி நேரத்துல இங்கன வந்துருமாம்" என்றாள்.

தலைக்கு மேலே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"யாருட்டி அது, வேதக்காரம்மாவா? ஜெபம் பண்ணிச் சொல்லுதாளோ?"

"ஜெபமும் இல்ல, குறியும் இல்ல. மாடித் தட்டட்டியில கம்பம் நட்டு வச்சிருக்கா. அதுல காத்து, மழ, வெக்க எல்லாம் போனுக்கு வந்துருது."

வடிவின் புருஷன் பூதத்தான் அணைந்த பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான்: "அவிய மழ சொடலமாடன் கோயில் பக்கம் வராதுளா. நீ பைய வேலையப் பாரு."

வடிவு பாதி மனசோடு பாதிக் கட்டியை மூடினாள். நாற்பதாவது நிமிஷம் மழை வந்தது. மூடின பாதி பிழைத்தது. மறுநாளிலிருந்து பூதத்தான் காலையில் எழுந்ததும் முதலில் தார்ப்பாயை உதறி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போனான்.

ஜெபகனி முக்கூடல் பக்கத்துப் பிறப்பு. அப்பா அந்த ஊர்க் கோயில்குட்டி. தேவாலயத்தைப் பெருக்கி, விளக்குப் போட்டு, கூண்டில் ஏறி மணியடிக்கிற வேலை. அம்மா உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சிய வீட்டுப் பெண். அம்மாவைப் பெற்றவர் பனையில் ஏறினார், அப்பா மணிக்கூண்டில் ஏறினார். உயரத்தைக் கண்டு தலை சுற்றுகிற ஆள் அந்த வம்சத்தில் கிடையாது. கட்டிக்கொடுத்தது ஆழ்வார்திருநகரி எஸ்றாவுக்கு. எஸ்றா தன் ஒன்றுவிட்ட அண்ணனிடம் காயில் கட்டப் பழகிப் பாளையங்கோட்டையில் கடை வைத்தார். மூச்சுத் தொந்தரவில் அவர் படுத்த வருஷம் கடைச் சாவி ஜெபகனியின் இடுப்புக்கு வந்தது. அவர் போன பிறகும் அங்கேயே இருக்கிறது. ஒரே மகன் கிங்ஸ்டன் கப்பலில் இருக்கிறான். அவன்தான் ஒரு லீவுக்கு வரும்போது காற்றும் மழையும் பார்க்கிற அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான். "மாடிச் சுவர்ல நாலு ஆணி அடிச்சு மாட்டிருங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போனான்.

நாலு ஆணியோடு விடுகிற கை இல்லை ஜெபகனியுடையது. அந்தப் பொங்கல் முடிந்ததும் வடிவு பொன்செல்வியோடு பஸ் ஏறி, பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஏழெட்டு மைல் தள்ளியிருக்கிற அந்த மிஷன் தெருவுக்கே போய்ப் பார்த்தாள். ஜெபகனிக்கு ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை, வார்னிஷ் கறை ஏறிய விரல்கள். கைப்பைக்குள் வேதாகமமும் டெஸ்டரும் ஒன்றாகக் கிடந்தன. மொட்டைமாடியில் இரும்புக் குழாய், மாடிப்படி அறைச் சுவரோடு கவ்வி, மூன்று பக்கமும் கம்பி இழுத்து, தெருவிலேயே உயரமாக நின்றது.

"சுவரு பகல் முழுக்க வெயிலக் குடிச்சுட்டு ராத்திரி கக்கும். அதுல மாட்டுனா சுவரோட சூட்டத்தான் சொல்லும், ஊரோட சூட்டச் சொல்லாது" என்று ஜெபகனி விளக்கினாள். கவ்விக்கும் குழாய்க்கும் நடுவே சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தாள். காற்றில் குழாய் நடுங்கினால் மழைக் கிண்ணமும் நடுங்கும். கிண்ணத்துக்குள் ஊஞ்சல் பலகை மாதிரி இரண்டு சின்னக் கரண்டிகள். ஒன்று நிறைந்து கவிழ்ந்தால் ஓர் எண்ணிக்கை. நடுக்கத்தில் சும்மா கவிழ்ந்தாலும் அது மழை என்றே எழுதிக்கொள்ளும். அதனால் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, மட்டம் பார்த்து, பிறகு மனசு கேட்காமல் சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டாள். காற்றுக்காட்டிக்கு வடக்கு எது என்று தெரியவேண்டும். கோயில் பீடம் நேர் கிழக்கு என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். போனிலும் பார்த்தாள், கோயில் முகட்டையும் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் திருகாணியை இறுக்கினாள்.

பேட்டரிப் பெட்டி முதல் ஐப்பசியிலேயே செத்துப்போயிற்றாம். தண்ணீர் புகக்கூடாது என்று எம்சீல், வார்னிஷ், பருத்தி நாடா என்று தன் தொழிலில் உள்ளதையெல்லாம் போட்டு அடைத்திருந்தாள். திறந்து பார்த்தால் உள்ளே முத்து முத்தாக ஈரம், கம்பியெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

"ஒரு பொட்டு மழ உள்ள போவல வடிவு. அதுவா வேர்த்துச் செத்துருக்கு. அடியில ஒரு மூக்கு விட்டுருக்கணும், எனக்குத் தெரியல" என்றாள். இப்போது பெட்டியின் அடியில் கடுகளவு ஓட்டை. குளவி கூடு கட்டாமல் இருக்க அதில் கொசுவலைத் துணி. கம்பி பெட்டிக்குள் போகிற இடத்தில் நேராகப் போகாமல் தொட்டில் மாதிரித் தொங்கிவிட்டுப் போகிறது. வழிந்து வருகிற தண்ணீர் தொட்டிலில் இறங்கிச் சொட்டிவிடும். கிண்ணத்து விளிம்பில் காக்காய் உட்காராமல் இருக்கக் கம்பி முள். இவ்வளவையும் சொல்லிக்கொண்டே குழாயைத் தட்டி, "ஏலே, ஒழுங்கா நில்லுலே" என்றாள். வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அந்தப் படியில் இறங்கும்போது அவளும் எக்கா, எக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அதற்குப் பிறகு மழை விழுந்தால் ஜெபகனி நேரே வடிவுக்கே போன் பண்ணினாள்.

போன மார்கழியில்தான் அது நடந்தது.

கிறிஸ்துமஸ் மாதத்தில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறும். வருஷா வருஷம் எதிர் வீட்டு டெபோராவின் மூங்கில்தான் உயரம். இப்போது தன்னிடம் அதைவிட உயரமான கம்பம் இருக்கிறதே என்று ஜெபகனிக்கு ஓர் ஆசை. மூன்றடி அகல நட்சத்திரத்தை அவளே ஏறிக் கம்பத்தில் கட்டி, உள்ளே பல்பும் போட்டாள். இரண்டு நாள் கழித்துக் கடையில் சொல்லிச் சிரித்தாள்: "எங்க வீட்டுல மட்டும் பொழுதடஞ்சா வெயில் ஏறுதுட்டி. ஆறு மணியானா ரெண்டு டிகிரி கூடுது." பல்பின் சூடு வெக்கை பார்க்கிற தட்டடுக்கில் படுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். நட்சத்திரத்தை அவிழ்த்துக் கம்பத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினாள். அந்தப் பக்கம் அடியில் மழைக் கிண்ணம் இருப்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. தெருவில் இறங்கி நின்று அண்ணாந்து பார்க்கத்தான் தோன்றியது.

அந்த வாரம் வியாழக்கிழமை கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கட்டியை மூடச் சொல்லிப் பூதத்தான் இரண்டு தரம் சொன்னான். "அக்கா கூப்பிடலைல்லா. வந்தா கூப்பிடுவா" என்றாள் வடிவு. உமி வாங்க மில்லுக்கும் கிளம்பிப் போனாள். பாளையங்கோட்டையில் கடையின் தகரக் கூரையில் மழை சடசடத்தபோது ஜெபகனி போனைத்தான் பார்த்தாள். வீட்டில் மழை பூஜ்யம் என்றது. இங்கே மட்டும் தூறல் போல என்று கையிலிருந்த காயிலை முடித்தாள். கால் மணி நேரம் கழித்து மனசு உறுத்திக் கூப்பிட்டபோது, வடிவு கரைந்துபோன இருநூற்று முப்பது கட்டிக்கு நடுவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். பொங்கலுக்கு இன்னும் முப்பது நாள்கூட இல்லை.

சாயங்காலம் ஜெபகனி மாடிக்கு ஏறினாள். நட்சத்திரம் விரித்த குடை மாதிரிச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே கிண்ணம் உள்ளங்கை மாதிரிக் காய்ந்து கிடந்தது.

"மிஷின் கோளாறுன்னு சொல்லிருங்கக்கா. சித்திக்கு என்ன தெரியப் போவுது" என்றாள் பொன்செல்வி.

"மிஷின் என்னட்டி பண்ணுச்சு" என்று கேட்டுவிட்டு, ஜெபகனி மறுநாள் கடையைப் பூட்டினாள். இரண்டு பஸ் மாறி ஆற்றங்கரை மேட்டுக்கு வந்தாள். வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு, நட்சத்திரத்த நாந்தான் கட்டுனேன். டெபோராவவிட உயரமா இருக்கணும்னு கட்டுனேன். அதுதான் மழைய மறிச்சுட்டு."

வடிவு மிதிப்பதை நிறுத்தவில்லை. "உயரமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"அதுவாச்சும் நடந்துச்சே" என்றாள் வடிவு.

ஜெபகனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கினாள். ஐந்து நாள் கடை திறக்கவில்லை. தலைமுடி கனத்துக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுகிற கைக்கு மண் சொன்னபடி கேட்கவில்லை. அவள் பிடித்த கட்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. "எக்கா, இது அடுப்பா, அய்யனார் கோயில் குதிரையா வே?" என்று பூதத்தான் கேட்டான். பொம்பளையைப் போய் வே போட்டுப் பேசுகிறானே என்று வடிவு அவனை அதட்டினாள். மூன்றாம் நாள் ஜெபகனி பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கட்டியின் தலையில் வைத்துப் பார்த்தாள். குமிழி ஓர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அந்தக் கட்டியை உடைத்துப் பிசைந்து மறுபடி பிடித்தாள். வடிவு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த ஐந்து நாளில் இருநூற்றுக்குப் பத்துக் குறைவாகக் கட்டி ஏறிற்று. மழையும் கொஞ்சம் விலகிக் கொடுத்தது. சந்தை தப்பவில்லை.

ஜெபகனி பிடித்ததில் மூன்றை வடிவு விற்கவில்லை. அவள் வீட்டுப் பொங்கப்பானை அதில்தான் ஏறியது. ஒரு பக்கம் ஓட்டுச்சில்லு முட்டுக் கொடுத்து வைத்தார்கள். பால் சாய்ந்த பக்கமாகவே பொங்கியது.

இந்த மார்கழியில் ஜெபகனி வீட்டு நட்சத்திரம் வாசல் நிலையில், செருப்புக் கழற்றுகிற இடத்துக்கு மேலே தொங்குகிறது. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். டெபோராவின் மூங்கில் பழையபடி உயரத்தில் இருக்கிறது. வடிவின் போனிலும் இப்போது அந்தக் கம்பத்துக் கணக்கு தெரிகிறது. ஜெபகனிதான் பொன்செல்வியிடம் சொல்லிப் போட்டுக் கொடுக்கச் செய்தாள். நான் பார்க்கத் தவறினாலும் நீ பார்க்கவேண்டும் என்றாள்.

விடிந்ததும் வடிவின் போன் மழை என்கிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. அவள் தார்ப்பாயைத் தொடவில்லை, போன் மணிக்காகக் காத்திருக்கிறாள். மணி அடிக்கிறது, ஜெபகனியின் குரல்.

"ஏளா வடிவு, அது மழ இல்ல. நான் ஊத்துன தண்ணி."

மார்கழி முழுக்க, கடைக்குப் புறப்படுமுன், கிண்ணம் திறந்திருக்கிறதா, கரண்டி கவிழ்கிறதா என்று பார்க்க அவள் தினமும் ஊற்றுகிற ஒரு டம்ளர் தண்ணீர் அது. ஜெபகனி இப்போது டம்ளரும் போனுமாக மாடியில் நிற்கிறாள்.