குழாயடி டம்ளர்

உண்மையை எழுதிய பிள்ளையிடம், "இதை அழிச்சுடு" என்று ஒரு தாயால் எப்படிச் சொல்ல முடிந்தது? போன பங்குனியிலிருந்து இதை என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கணவருக்குப் புதுச்சேரியில் வேலை. மகள் மூன்றாம் வகுப்பு. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தோழியின் அம்மா உப்பு வாருகிறவர். விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறியதும் வேலை முடிந்து திரும்புவார். வழியில் எங்கள் வாசல் படியில் பத்து நிமிடம் உட்காருவார். நான் டீ கொடுப்பேன். அவ்வப்போது ஒரு பையில் உப்பு கொண்டுவந்து தருவார். வயதில் மூத்தவர் என்பதால் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மகளும் எங்கள் வீட்டில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் பி.எஸ்சி. படித்தவள். அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லித் தருகிறேன் என்று எனக்குள் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த ஞாயிறு இங்கிலீஷ் பாடம். கிவ், டெல், பிரிங் மாதிரிச் சொற்களை வைத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பிறகு இரண்டு வர வேண்டும்: யாருக்கு, எதை. தமிழில் எதை எங்கே வைத்தாலும் புரிந்துவிடும். இங்கிலீஷில் முதலில் ஆள், அடுத்து பொருள். என் மகள் 'கிவ் பென்சில் அம்மா' என்று மாற்றி வைத்து, பென்சிலிடம் என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"கைடைப் பார்த்து எழுதாதீங்க. நம்ம வீட்டுல தெனமும் யாரு யாருக்கு என்ன குடுக்கறாங்க, அதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்காவுக்கு டீ கொடுக்கும் டம்ளர் எங்கள் அடுப்படியில் இருப்பதில்லை. வெளியே குழாயடிச் சுவரின் மேல் கவிழ்ந்திருக்கும். நான் மருமகளாக வந்தபோதே அது அங்கே இருந்தது. குடித்து முடித்ததும் அக்காவே கழுவி, அதே இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போவார். ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கொரோனா வந்தபோது, சுத்தத்துக்கு நல்லதுதானே என்று சமாதானம்கூடச் சொல்லிக்கொண்டேன். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. அந்த டம்ளர் இருந்ததால் உச்சரிக்க வேண்டியும் இருக்கவில்லை.

அன்றைக்கும் அக்கா வந்தார். கணுக்கால் வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. டீயை வாங்கிக்கொண்டு, "என்னாடி எழுதனீங்க? படிங்க கேப்போம்" என்றார்.

அவர் மகள் முதலில் படித்தாள். "மை மதர் பிரிங்ஸ் ஆன்ட்டி சால்ட்."

"அப்டின்னா?"

"நீ ஆன்ட்டிக்கு உப்பு கொண்டாந்து குடுக்கறியாம்."

"அட, இதுக்கு ஒரு இங்கிலீஷா!" என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்து என் மகள் எழுந்து நின்று, பள்ளியில் படிப்பதுபோல் சத்தமாகப் படித்தாள். அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குப் பூப்போட்ட கப்பைக் கொடுப்பாள். அம்மா என் தோழியின் அம்மாவுக்கு வெளி டம்ளரைக் கொடுப்பாள். இரண்டு வாக்கியம். இரண்டிலும் ஆளும் பொருளும் சரியான இடத்தில் இருந்தன.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தத் தோழி உற்சாகமாக அர்த்தம் சொல்லிவிட்டாள். "யம்மா, அந்த ஆன்ட்டிக்குப் பூ கப்பாம். உனக்கு வெளி டம்ளராம்!"

அக்கா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு என் மகளிடம், "கரெக்டாதான எழுதியிருக்குது பாப்பா" என்றவர், "மார்க்கு போடும்மா" என்று என்னிடம் சொன்னார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மிச்ச டீயைக் குடித்தார். எப்போதும்போல் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "இன்னும் நாலு எழுதணும்மா" என்ற தன் மகளிடம், "மீதிய நம்ம வூட்ல எழுதிக்கலாம், வா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் மகளிடம் சொன்ன முதல் வார்த்தை, "அதை அழிச்சுடு."

"தப்பாம்மா? ஆளு முன்னாடி, பொருள் பின்னாடின்னு நீதானே சொன்ன?"

"தப்புதான். அழி."

யார் தப்பு என்று சொல்லவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரப்பரால் தேய்த்தாள். அந்த இடத்தில், அம்மா எல்லோருக்கும் டீ கொடுப்பாள் என்று நானே சொல்லி எழுத வைத்தேன்.

மறுநாள் பூப்போட்ட கப்பில் டீயோடு வாசலில் காத்திருந்தேன். அக்கா சாலையிலேயே நின்று, "இப்பதாம்மா குடிச்சேன்" என்று சிரித்துவிட்டு நடந்தார். அதன் பிறகு அவர் படியில் உட்காரவில்லை. அவர் மகள் ஞாயிற்றுக்கிழமை வருவதும் நின்றுவிட்டது. வழியில் பார்த்தால், "பாப்பா நல்லா படிக்குதா?" என்று மட்டும் கேட்பார். ஒருமுறை, பள்ளியில் என் மகளிடம் கொடுக்கச் சொல்லித் தன் மகளிடம் உப்பு கொடுத்தனுப்பினார். அதை ஜாடியில் கொட்டி வைத்தேன். டம்ளரை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். கணவர், "அவங்க மறந்திருப்பாங்க, விடு" என்கிறார். மறக்கிற விஷயமா அது?

நோட்டு திருத்தி வந்தபோது, நான் சொல்லி எழுத வைத்த பொய்க்கு ஒரு ஸ்டார் கிடைத்திருந்தது. அதன் அடியில் பென்சில் அழுத்திய தடம் இன்னும் தெரிகிறது. நோட்டைச் சாய்த்துப் பிடித்தால் முழுதாகப் படிக்கலாம். "அன்னைக்கு என்ன தப்பும்மா?" என்று மகள் இன்னும் கேட்கிறாள்.

மன்னிப்புக் கேட்கப் போனால், என் மனம் லேசாக வேண்டும் என்பதற்காக அக்காவை இன்னொரு முறை கூசவைப்பேனோ என்று பயமாக இருக்கிறது. போகாமல் இருந்தால், டம்ளரை மட்டும் ஒளித்தவளாகிவிடுவேன். நான் முதலில் பேச வேண்டியது அவரிடமா, என் மகளிடமா? தயவுசெய்து எழுதுங்கள். அப்படி ஒரு டம்ளரில் வாங்கிக் குடித்தவர் உங்களில் யாராவது இருந்தால், உங்கள் கடிதத்துக்காகத்தான் அதிகம் காத்திருப்பேன்.