ஊமைக் கட்டை

போன வாரம் என் பியானோவுக்குள் போடுவதற்காகத் தெங்கேராக் கடையில் வாங்கிய அந்துருண்டைப் பொட்டலத்தைப் பிரித்ததும், அலோர் காஜா பக்கம் இப்போது செம்பனை நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துத் தேவாலயம் மூக்கில் ஏறிக்கொண்டது. அங்கிருந்த பழைய பியானோவிலும் பூச்சி அரிக்காமலிருக்க அம்மா இதைத்தான் போடுவார்; ஆனாலும் நடுவில் ஒரு கட்டை ஊமையாகிவிட, பாட்டுகளை அமைக்கும்போதே அதற்கு வேலை வைக்காமல் எழுதுவார், மரம் சீவி முடித்துக் குளித்த ஈரத்தலையோடு பயிற்சிக்கு வரும் பெண்களும் சிறுமியான நானும் அந்தச் சுரத்தை வாயால் நிரப்புவோம்.

அன்று சாயங்காலமே, நான் அமைத்துச் சபைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த பாட்டைப் பார்த்து, புக்கிட் காத்தில் ஊர்ச் சபையில் வாசிக்கும் பெண் கேட்டாள்: "அக்கா, மூணாவது லைன்ல ஒரு நோட் விட்டுப்போச்சு லா."

அதே கட்டை. என் பழைய தாள்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் அந்த இடம் காலி. நல்ல பியானோவை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக இப்படியா எழுதினேன் என்று வெட்கமாகிவிட்டது. திருத்தப் போனவள், "அங்க நீங்கல்லாம் பாடுங்கம்மா" என்று மட்டும் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சபையிலிருந்து வந்த ஒலிப்பதிவில், அந்த இடத்தில் பியானோ சற்றே ஒதுங்க, நான் பார்த்தேயிராத சனங்கள் ஒரே மூச்சில் எங்கள் ஊமைக் கட்டையை அமுக்கினார்கள்.