அழகம்மா துடைத்த மிக்சர்

என் அண்ணன் சுகிர்தனோடு ஒரே அறையில் வேலை செய்வதற்கு எனக்கு யாராவது ஒரு பட்டம் தரவேண்டும். நெளுக்குளத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஒலிப்பதிவுக்கூடம். அதில் பாதியை, பல சத்தங்களைக் கலந்து ஒரு பாட்டாக்குகிற அண்ணனின் மிக்சர் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொழும்பில் மூடப்பட்ட ஏதோவொரு ஸ்டூடியோவிலிருந்து வான் பிடித்து ஏற்றி வந்து, நாலு பேர் தூக்கி இறக்கிய சாமான். அதில் இருபத்துநாலு ஃபேடர்கள். ஃபேடர் என்றால் வேறொன்றுமில்லை, ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளுகிற சின்னக் கட்டை. அதே வேலையை என் லப்டொப் சத்தமில்லாமல் செய்யும். செய்ததைச் செய்தபடியே சேமித்தும் வைக்கும். இதை எட்டு வருடமாகச் சொல்கிறேன். சுவருக்குச் சொல்லியிருந்தால் சுவராவது கேட்டிருக்கும்.

அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. கலியாணம் கட்டவில்லை, மிக்சரைத்தான் கட்டியிருக்கிறார். இளவயதில் கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டித் திரிந்தவர். இடம்பெயர்ந்த காலத்தில் மற்றவர்கள் பாயும் பானையும் தூக்க, இவர் அம்ப்ளிபயரைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுவா. கையால் தள்ளிக் கலந்தால்தான் பாட்டில் சூடு இருக்குமாம். கொம்பியூட்டருக்குள் கலந்த பாட்டு ஐஸ்பெட்டியில் வைத்த சோறாம். இதுதான் அவருடைய வாதம், வேறு வாதம் கிடையாது.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் அழகம்மாவின் பாட்டு வந்தது. அழகம்மா துணுக்காய்ப் பக்கம் மிளகாய்த் தோட்டம் செய்கிறவர். பெற்றோர் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். மிளகாய்க்குத் தண்ணீர் கட்டும்போது அவர் தானே கட்டிய அம்மன் பாட்டு அது. நவராத்திரி முடிந்து வருகிற மானம்பூத் திருவிழாவன்று தங்கள் கோயில் ஒலிபெருக்கியில் அதைப் போடவேண்டும், ஊர்ச் சனம் தன் குரலைக் கேட்கவேண்டும். பாடிப் பதிந்துவிட்டுப் போகும்போது இதை மூன்று தரம் சொன்னார். குரல் கொஞ்சம் கரகரப்பு, உச்சரிப்பில் மலைநாட்டு வாடை. கோரஸ் பாடிய நாலு பெட்டையளும் சங்கீதம் படித்தவர்கள்.

“அவவின்ரை குரலைக் கோரசுக்குள்ளை விட்டால் கரகரப்பு மறைஞ்சிடும்” என்றார் அண்ணன்.

“ஓம், அதுதான் நல்லது” என்றேன். நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

நான் அரை நாளில் லப்டொப்பில் கலந்து முடித்துவிட்டேன். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. தன் மிக்சரோடு நாலு நாள் குந்தியிருந்து, ஒரு மயிரிழை ஏற்றி, அரை மயிரிழை இறக்கி, என் உயிரை வாங்கினார். ஆயுதபூசைக்கு முதல்நாள் பின்னேரம், “வந்திட்டுது சிவரூபி, வந்திட்டுது!” என்று துள்ளினார். அதைப் பதிவதற்கு முன் கரண்ட் போய்விட்டது.

“ஒரு கட்டையும் அசையப்படாது. விடியப் பதிவம்.”

“போனிலை ஒரு படமெண்டாலும் எடுத்து வையுங்கோ அண்ணை.”

எடுத்தார். மிக்சருக்கு முன்னால் தானும் நின்று, பல் தெரியச் சிரித்து எடுத்து, முகநூலிலும் போட்டார்.

மறுநாள் காலை அண்ணன் பூவும் வாழைப்பழமும் வாங்கக் கடைக்குப் போனார். நான் குசினியில் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். பாட்டை வாங்கிப்போக முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்ட அழகம்மாவை முன்னறையில் இருத்தியிருந்தேன். கடலையை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் மிக்சர் மினுங்குகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கட்டை ஓடுகிற பிளவுகளுக்குள்ளும் சந்தனம். இருபத்துநாலு கட்டைகளும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரே நேரில் நிற்கின்றன.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். பழச்சீப்பு நிலத்தில் விழுந்தது.

“ஐயோ! என்னணை செய்து வைச்சிருக்கிறீங்கள்?”

“தூசியா கெடந்துச்சு தம்பி. ஆயுதபூச அதுவுமா மிசின இப்பிடியா போட்டு வெப்பாங்க?”

அண்ணன் போனைத் திறந்தார். படத்தில் முதல் எட்டுக் கட்டையும் கடைசி எட்டும் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் அவருடைய வயிறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்திருப்பேன்.

“துடைக்கிறதெண்டால் துடைக்கிறதுதானே! ஏனணை எல்லாத்தையும் நேராக்கினீங்கள்?” என்று அண்ணன் அழாக்குறையாகக் கேட்டார்.

அழகம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். கட்டைகளுக்குக் கீழே அண்ணன் ஒட்டி, பெயர் எழுதியிருந்த வெள்ளை ரேப்பை விரலால் காட்டினார்.

“பேரு எழுதியிருந்திச்சில்ல தம்பி. தபேலா, கீபோட், அந்தப் புள்ளைங்க பேரு, எல்லாம் மேல நின்னுச்சு. அழகம்மான்னு எழுதினது மட்டும் அடியில கெடந்துச்சு. யாரு கையோ தெரியாம பட்டு எறங்கிருச்சு போலன்னு, எல்லாத்தயும் சமமா வெச்சேன்.”

அண்ணன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, எட்டு வருடத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“நீ செய்தது இருக்குத்தானே? அதைத் திற.”

எனக்கு உள்ளூரப் பெருமைதான். லப்டொப்பைத் திறந்தேன். அதில் எதுவும் அழிந்திருக்கவில்லை. மிக்சரில் உள்ளதுபோலவே திரையிலும் கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், நான் விட்ட இடத்திலேயே நின்றன.

அழகம்மா குனிந்து, பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாசித்துக்கொண்டு வந்தார். விரல் தன் பெயரில் நின்றது. அதற்கு ஒட்டினாற்போல மேலே, அடியில் கிடந்த அவருடைய கட்டையைத் தொட்டது.

“இதுலயும் யாரு கையோ பட்டிருச்சா புள்ள?”

என் முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஓம் என்று பொய் சொன்னேன்.