பகல் பதினோரு மணிக்குத் திறந்திருக்கும் பூங்காவைத் தேடி: தாம்பரத்திலிருந்து ஒரு நாள் சுற்று

பூங்கா பார்ப்பதற்கென்றே ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றிய ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். "லீவுக்கு எங்க போனீங்க?" என்று கேட்பவர்களிடம் "பொத்தேரி, மேடவாக்கம்" என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். உங்கள் நகரிலும் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனை ஒன்று பொட்டலாகக் கிடந்து, அதை என்ன செய்வது என்று சங்கத்தில் சண்டை ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

எங்கள் நகர் சேலையூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. மனை பிரித்த காலத்திலேயே விட்ட இடம். நடுவில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள், ஒரு மூலையில் யாரோ கொட்டிய கட்டட இடிபாடு, இன்னொரு மூலையில் உடைந்த பாட்டில்கள். ஒரு செடிகூட நட்டதில்லை, ஆனால் எல்லாருக்கும் அதன் பெயர் "பார்க்". போன மாசி மாதம், "வேலை எடுக்கப்போகிறோம், என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், கேட் மட்டும் சங்கச் செலவு" என்று மாநகராட்சி அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எங்கள் சங்கச் செயலாளர் வரதன் சார் அன்றைக்கே வரைபடத்தோடு வந்துவிட்டார். சுற்றிலும் மதில், தளம் முழுக்க பேவர் பிளாக், எட்டு போட்டு நடக்க ஒரு பாதை, நடுவில் நீரூற்று. காலை ஐந்தரை முதல் பத்து, மாலை நாலு முதல் எட்டு. மற்ற நேரம் பூட்டு. முதலில் கை தூக்கியது நான்தான். பாட்டில் பொறுக்கிப் பொறுக்கி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

கை தூக்கியதோடு வாய் சும்மா இருந்திருக்க வேண்டாமா? "எதுக்கும் நாலு பூங்காவைப் பாத்துட்டு முடிவு பண்ணலாமே சார்" என்றேன். "அப்ப நீங்களே பாத்துட்டு வந்துடுங்க மேடம், ஞாயித்துக்கிழமை மீட்டிங்" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்.

துணைக்கு எதிர்வீட்டு மும்தாஜைக் கூப்பிட்டேன். ஜாக்கெட் தைப்பவள், கைப்பையில் இன்ச் டேப் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டாள். அவள் கணவர் சலீம் பாய் முப்பது வருஷம் கிரில், கேட் பட்டறை நடத்தியவர். எங்கள் தெருவில் முக்கால்வாசி கேட் அவர் கை வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் ஒன்றாக இழுத்துக்கொண்டன. இப்போது மகன் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். தினம் நடந்தே ஆக வேண்டும் என்று சிகிச்சை கொடுப்பவர் சொல்லியிருக்கிறார். காலையில் வாக்கிங் கூட்டத்தோடு நடக்க சலீம் பாய்க்குக் கூச்சம். காலை இழுத்து நடப்பதை எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். அதனால் தெரு காலியான பிறகு, பதினோரு மணிக்கு, அந்த மரங்களின் நிழலில் நடப்பார். ஆரம்பத்தில் மும்தாஜின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், இப்போது ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குக் கம்பு இல்லாமல் போகிறார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தப் பூட்டுக்குக் கை தூக்கியிருக்கிறேன் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கிளம்பினோம். சேலையூரிலிருந்து தாம்பரத்துக்குச் சாதாரணப் பேருந்து. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மேம்பாலத்தைக் கடந்து மேற்கே இறங்கி, பத்து நிமிஷ நடையில் முதல் பூங்கா. நல்ல பூங்கா என்றுதான் சொல்ல வேண்டும். புங்க மர நிழல், சுத்தமான பாதை, எட்டு போடும் இடத்தில் ஒரே நெரிசல். ஒரு பெரியவர் எதிர்த்திசையில் எட்டு போட்டு வந்து எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மும்தாஜ் இன்ச் டேப்பை எடுத்து பெஞ்சின் உயரத்தை அளந்தாள். "இவ்ளோ தாழ்வா இருந்தா அவரு எந்திரிக்கவே முடியாதுக்கா. நம்ம பார்க்ல கைப்பிடியோட, இன்னும் நாலு இன்ச் ஒசரமா போடச் சொல்லணும்."

பத்து மணிக்கு விசில் ஊதியது. காவலாளி ஒவ்வொரு பெஞ்சாக வந்து விரட்டினார்.

"டைம் ஆயிட்ச்சி, டைம் ஆயிட்ச்சி. எழுந்துக்கம்மா. கேட்டு பூட்டணும்."

"ஏன் அண்ணா பகல்ல பூட்றீங்க?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா தெரியாத மாரி கேக்கற? தொறந்து வுட்டா ஜோடி ஜோடியா வந்து குந்திக்கினு கீதுங்க. அப்பால எனக்குத்தான் பேஜாரு."

வெளியே வந்து நின்றோம். எங்கள் பின்னால் சங்கிலி சுற்றும் சத்தம். மும்தாஜ் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நம்மளுதும் இப்படித்தானே? பத்து மணிக்குப் பூட்டிட்டா அவரு எங்க நடப்பாரு?" எனக்குச் சுருக்கென்றது. கை தூக்கும்போது என் நினைவில் பாட்டில்தான் இருந்தது, அவர் இல்லை. அவளிடம் அப்படியே சொன்னேன். "பரவால்லக்கா, நானே இப்பதான் யோசிச்சேன். கேட் ஆர்டர் நம்ம பட்டறைக்கு வருதுன்னு சந்தோஷமால்ல இருந்தேன்" என்றாள். தன்னை வெளியே நிறுத்தப்போகிற கேட்டை அந்த மனிதர் தன் பட்டறையிலேயே செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகு பயணத்தின் நோக்கமே மாறிவிட்டது. பகலில் திறந்திருக்கிற ஒரு பூங்காவையாவது கண்டுபிடிக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வண்டியைப் பிடித்துப் பொத்தேரியில் இறங்கினோம். டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய், இருபது நிமிஷத்துக்குள் பயணம். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே போனால் மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் வீடுகள் நிறைந்த தெருக்கள், நடுவில் பூங்கா. உள்ளே நல்ல குளிர்ச்சி, கம்பி வழியாகத் தெரிந்தது. கேட்டில் பூட்டு. மதிலின் வெளிப்பக்கம் ஒரு முழ அகல நிழலில் மூன்று பையன்கள் கால்களை மடக்கிக்கொண்டு, மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள போய் படிக்கக் கூடாதாப்பா?"

"விட மாட்டாங்கக்கா. ஜோடி வருதாம். எங்க மூணு பேரையும் பாத்தா ஜோடி மாதிரியா இருக்கு?" என்றான் ஒருவன். மும்தாஜ் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

நான் சிரிக்கவில்லை, கோபம்தான் வந்தது. காதலர்கள் இரண்டு பேர் உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயந்து ஊரையே வெளியே நிறுத்துகிற புத்தி நமக்குத்தான் வரும். மரம் நிழல் தருகிற நேரம் பார்த்துப் பூட்டி, வெயில் இறங்கிய பிறகு திறந்துவிடுகிறோம்.

திரும்ப ரயிலில் தாம்பரம் வந்து, மேடவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ. ஆளுக்கு முப்பது ரூபாய், பத்து கிலோமீட்டர், கேம்ப் ரோடு நெரிசலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஓட்டுநர் "பார்க்கா? இந்த வெயில்லயா?" என்று கண்ணாடியில் எங்களை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார். அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்த அந்தப் பூங்கா திறந்துதான் இருந்தது. மும்தாஜ் துள்ளாத குறை. உள்ளே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. மதில் முதல் மதில் வரை பேவர் பிளாக், பெயருக்கு ஒரு மரம்கூட இல்லை, தொட்டியில் வற்றிப்போன நீரூற்று. செருப்பையும் மீறிச் சூடு ஏறியது. அங்கங்கே கல் பெயர்ந்து விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது. "கால் இழுத்து நடக்கறவங்க இதுல ஒரு தடவை தடுக்குனா போதும், அல்லா" என்றாள் மும்தாஜ். வாசலில் தண்ணீர் லாரிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்த காவலாளியிடம் நீரூற்றைப் பற்றிக் கேட்டேன். "குடிக்கிற தண்ணியே லாரில வருது மேடம், இதுக்கு எங்க போறது? தொறப்பு விழா அன்னிக்கு ஓடுச்சு." வரதன் சாரின் வரைபடத்தில் நீரூற்றுக்கு நீலப் பென்சிலில் வண்ணம் தீட்டியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

பேருந்தில் பல்லாவரம் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. வெள்ளிக்கிழமை என்பதால் சந்தை. பழைய மின்விசிறி, பாத்திரம், புறா, நாற்று எல்லாம் கிடைக்கும். கூட்டத்தில் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். கால் வலிக்கிறதே என்று ஒரு சந்தில் ஒதுங்கினோம். அங்கேதான் கிடைத்தது. முக்கோணமாக ஒரு துண்டு நிலம். மூன்று வேப்பமரம், இடுப்பளவு சுவர், வண்டி நுழையாமல் வாசலில் நட்ட இரண்டு கல் தூண், அவ்வளவுதான். தரை வெறும் மண், தண்ணீர் தெளித்திருந்தது. சந்தை முடித்தவர்கள் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். தோல் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு வந்த இரண்டு பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜோடியும் இருந்தது, ஒளிப்பானேன். பொரி உருண்டை பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள், யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

மரத்தடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், "இங்க குடிக்கறவங்க தொல்லை இல்லையா?" என்று கேட்டேன்.

"முன்னாடி சுத்தி தகரம் அடிச்சி வெச்சிருந்தாங்க. அப்ப வந்துகினுதான் இருந்தானுங்க, உள்ள இன்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? இப்ப நாள் பூரா ஆளுங்க குந்திக்கினு கீறோம். எவன் வருவான்?" என்றாள் கை நிற்காமல்.

மும்தாஜ் சுவரை அளந்தாள், வேப்பமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே அளந்தாள், தூணுக்கும் தூணுக்கும் இடையே அளந்தாள். ஐந்தரை மணி வரை அங்கேயே இருந்தோம். சந்தையில் இரண்டு புங்கக் கன்றுகளை எழுபது ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் தாம்பரம் திரும்பினோம்.

இதே போல் கிளம்ப நினைப்பவர்களுக்கு: இரண்டு பேருக்கும் சாப்பாட்டோடு சேர்த்து ஐந்நூறு ரூபாய் போதும். தண்ணீரும் குடையும் கட்டாயம். முக்கியமாக, காலை ஆறு மணிக்குப் பூங்கா பார்க்கப் போகாதீர்கள், அந்த நேரத்தில் எல்லாப் பூங்காவும் அழகாகத்தான் இருக்கும். நண்பகலில் போய்ப் பாருங்கள். கூடவே, அந்த இடத்தை இப்போதே பயன்படுத்துகிற ஒருவரை அழைத்துப் போங்கள். நான் தனியாகப் போயிருந்தால் எட்டு போடும் பாதையைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் பாதி ஜெயித்தோம். நீரூற்று போனது. மரத்தடியில் பேவர் பிளாக் வேண்டாம், மண் பாதைதான் என்று முடிவானது. கைப்பிடி வைத்த பெஞ்சு, இடுப்பளவு சுவர் எல்லாவற்றுக்கும் மும்தாஜின் அளவுதான். பூட்டில்தான் தோற்றோம். "பகல்ல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு மேடம் பொறுப்பு? எல்லா ஊர்லயும் பூட்றாங்களே, அவங்கல்லாம் முட்டாளா?" என்றார் வரதன் சார். வாக்கிங் கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் கை தூக்கியது. பத்து முதல் நாலு பூட்டு என்று எழுதி, கேட் வேலையை சலீம் பாய் பட்டறைக்கே கொடுத்தார்கள். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் வீட்டுக்கு வந்து அழுதேன், ஆத்திரத்தில்.

சித்திரை கடைசியில் கேட் வந்தது. மகன் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான், சலீம் பாய் கூடவே வந்து நாற்காலியில் உட்கார்ந்து இடது கையைக் காட்டிக் காட்டி மாட்ட வைத்தார். இரட்டைக் கதவு, பச்சைப் பெயின்ட், மாடு தள்ளாத கனம். அழகான வேலை. வரதன் சார் புதுப் பூட்டோடு வந்தார். தாழ்ப்பாள் இருந்தது, அதில் பூட்டு மாட்டும் கண் இல்லை. சரி, சங்கிலி சுற்றலாம் என்று பார்த்தால், இரண்டு கதவின் ஓரத்திலும் கீழிருந்து மேல் வரை தகடு அடைத்து வெல்டிங் வைத்திருந்தது. சுண்டுவிரல்கூட நுழையாது. மகனைப் பார்த்தார், அவன் "அத்தா சொன்ன மாதிரிதான் சார் செஞ்சேன்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"பாய், பூட்டு எங்க மாட்டறது?"

சலீம் பாய் கேட்டை நிதானமாக மேலிருந்து கீழே பார்த்தார். வாய் கோணி, வார்த்தை வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"மற…ந்துட்டேன் சார்."

முப்பது வருஷம் கேட் செய்தவர். மும்தாஜ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் ஓடிவிட்டாள். வரதன் சார் கையிலிருந்த பூட்டைப் பார்த்தார், சலீம் பாயின் காலைப் பார்த்தார், பிறகு பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரி, பெயின்ட் காயட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார்.

பெயின்ட் எப்போதோ காய்ந்துவிட்டது. நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் பதினோரு மணிக்கே வாருங்கள், தள்ளினால் திறக்கும். மண் பாதையில் நிதானமாக ஒருவர் நடந்துகொண்டிருப்பார், அவருக்கு வழிவிட்டு உட்காருங்கள்.