இருபத்தெட்டு முதல் நாற்பத்தொன்று வரை

பறக்கத் தெரிந்த ஒருவனைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடக்கவிட்ட ஒரே கதாசிரியன் நானாகத்தான் இருப்பேன். இந்தப் பெருமையில் பங்கு கேட்டு வேறு எவரும் வரப்போவதில்லை.

கதை என்னுடையதாகத் தொடங்கவில்லை. அது இந்தியாவில் அச்சாகி, கொழும்பு வழியாக எங்கள் ஊரான கல்முனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு சித்திரக்கதைத் தொடர். ஏதோ ஒரு குளிர்நாட்டு நகரத்தில், உறைந்த ஏரியில் விழுந்து எழும்பிய நாளிலிருந்து பறக்கத் தொடங்கிய பதினாறு வயதுப் பையன்தான் நாயகன். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் தோற்பான். மாலையில் நகரத்தைக் காப்பாற்றுவான். அவனுடைய இரகசியம் வீட்டில் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அவள் அவனுடைய தங்கை. கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுப்பதும், தாயிடம் பொய் சொல்லிக் காப்பாற்றுவதும் அவள் வேலை.

பஸ் நிலையத்தருகே இருந்த ஒரு சஞ்சிகைக் கடைக்கு ஒரே ஒரு பிரதிதான் வரும். அதுவும் ஒழுங்காக வராது. பதின்மூன்றாம் இலக்க இதழ் வரவே இல்லை. பதினான்கு வந்தபோது பையனின் கை முறிந்து கட்டுப்போட்டிருந்தது. எப்படி முறிந்தது என்று நானும் என் கூட்டாளியும் ஒரு மாதம் சண்டை பிடித்தோம். அந்தப் பிரச்சினையை ஆராய்வதற்காக நான் உம்மாவின் தொழுகைத் துப்பட்டியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஹோலில் அடுக்கியிருந்த நெல்மூட்டைகளின் உச்சியிலிருந்து பாய்ந்து பார்த்தேன். கை முறிவது மிகவும் சுலபம் என்று தெரிந்தது. தொழுகைக்கு ஒழு எடுக்கப் போய் வழுக்கி விழுந்ததாக வீட்டில் சொன்னேன். அதற்காகக் கிடைத்த அனுதாபத்தை வெட்கமில்லாமல் அனுபவித்தேன்.

கூட்டாளியின் வீடு கடற்கரைப் பக்கம். எங்கள் வீடு பெரிய வீதிக்கு மேற்கே, வயலை அண்டியது. புத்தகம் வந்த நாளில் அவன் வீட்டுக்கு ஓடுவேன். அவன் சத்தமாக வாசிப்பான். நான் பக்கத்தில் இருந்து நடிப்பேன். எதிரே அவனுடைய தங்கச்சி இருப்பாள். ஏழு வயது. நாயகனைப் பற்றி அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை. புத்தகத்தில் வரும் தங்கை தான்தான் என்று முடிவு கட்டியிருந்தாள். நாங்கள் இருவரும் தன்னை நம்பித்தான் பிழைக்கிறோம் என்பதுபோல எங்களைப் பார்ப்பாள்.

இருபத்தேழாம் இலக்கம் வந்து சில வாரங்களில், டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்தது. கூட்டாளி ஒரு மாமரத்தைப் பிடித்துத் தப்பினான். அவனுடைய வாப்பாவும் உம்மாவும் தப்பினார்கள். தங்கச்சி கிடைக்கவில்லை. அடக்க ஒரு மையித்தும் கிடைக்கவில்லை. பெரிய வீதிக்கு மேற்கே தண்ணீர் வராத எங்கள் வீட்டில் நான் முழுசாக இருந்தேன். அதற்காக எனக்கு அவனைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அவர்கள் முதலில் பள்ளிக்கூடத்திலும், பிறகு வயலோரம் அடித்த தற்காலிகப் பலகைக் குடிசையிலும் இருந்தார்கள். இரண்டு மாதமாக அவன் கதைக்கவில்லை. பெரியவர்கள் வந்து தோளில் தட்டுவார்கள், துஆ ஓதுவார்கள், போவார்கள். நான் பக்கத்தில் வாய்க்கால் கட்டில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அசர் தொழுகைக்குப் பிறகு அவன் திடீரென்று கேட்டான்.

"அடுத்த புத்தகம் வந்திட்டா?"

"ஓம்," என்றேன். வரவில்லை. அவன் வாய் திறந்ததே பெரிய விசயம். அந்த நேரம் எங்கள் காணியை எழுதிக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"கொண்டு வா."

"கடைக்காரர் வாசிக்க மட்டுந்தான் தந்தவர். திருப்பிக் குடுத்திட்டன்."

"அப்ப கதைய நீ செல்லு. கேப்பம்."

இப்படித்தான் இருபத்தெட்டாம் இலக்கம் வெளியானது. படம் இல்லை, தாள் இல்லை, வாய் மட்டும்.

எனக்குக் குளிர்நாடு எதுவும் தெரியாது என்பது முதல் பக்கத்திலேயே வெளிச்சமாகிவிட்டது. நாயகனுடைய தாய் அவனுக்குப் பிட்டும் மீன்கறியும் வைத்தாள். வில்லன் நிவாரண அரிசியைக் களவாடினான். நோன்பு மாதத்தில் வெளியான இலக்கத்தில் நாயகனும் வில்லனும் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, அதற்குப் பிறகே சண்டையைத் தொடங்கினார்கள். வில்லனுக்கும் பசி இருக்குமல்லவா. முப்பத்துமூன்றில் நாயகன் அவசரமாக அடுத்த நகரத்துக்குப் போகிறான். வழியில் சாவடி வந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறான்.

"டேய், பறக்கிறவன் எதுக்குடா பஸ்ஸுல போனான்?" என்று கூட்டாளி கேட்டான்.

"மேலால பறந்தா ஆமிக்காரன் சுடுவானே," என்றேன், ஒரு கணமும் யோசிக்காமல்.

அவன் சிரித்தான். கடல் வந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என்னுடைய திறமையில் எனக்கு அளவற்ற மதிப்பு ஏற்பட்டது. அவனை முழுதாக நம்ப வைத்துவிட்டேன் என்று வீட்டுக்கு நடந்து போகும்போது துள்ளிக்கூடப் பார்த்தேன்.

இரண்டு விசயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருந்தேன். ஒன்று, கடல். அசல் கதையில் அந்த நகரத்துக்கு ஒரு துறைமுகம் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு மலைகளை வைத்தேன். மற்றது, தங்கை. இருபத்தெட்டாம் இலக்கத்திலேயே அவளை மலைநாட்டில் சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். முதலில் பள்ளிக்கூட விடுமுறை என்றேன். அடுத்ததில் அம்மை போட்டிருக்கிறது என்றேன். பிறகு சாச்சியின் மகளுக்குக் கலியாணம். அந்தக் கலியாணம் மூன்று வருடம் நடந்தது. எந்த நாட்டில் ஒரு கலியாணம் அவ்வளவு காலம் நடக்கும் என்று அவன் கேட்கவில்லை. நானும் மூச்சு விடவில்லை. அவளைப் பற்றிப் பேச்சு எழாமல் பார்த்துக்கொள்வது நான் அவனுக்குச் செய்யும் பெரிய உபகாரம் என்று நினைத்தேன். அவர்களுக்குக் கல்வீடு கிடைத்து அவன் சற்றுத் தூரத்துக்குப் போனபோது, நாற்பத்தொன்றோடு தொடர் தானாக ஓய்ந்தது.

யுத்தம் முடிந்த வருடம் நாங்கள் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். இனிப் பயமில்லை என்று எங்கள் உம்மாமார் முதன்முதலாக எங்களைத் தனியே கொழும்புக்கு விட்டார்கள், பழைய வினாத்தாள் புத்தகங்கள் வாங்கி வர. நடைபாதையில் பழைய புத்தகங்களைக் குவித்து வைத்திருந்த ஒருவரிடம் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது, கூட்டாளியின் கையில் ஒரு கட்டு அகப்பட்டது. எங்கள் தொடர். சணல் நூலால் கட்டியிருந்தது.

"இதுட மிச்சம் இல்லயா நானா?" என்று கடைக்காரரிடம் கேட்டான்.

"இருபத்தேழு வரைக்கும்தான் தம்பி. அதோட அவங்க அச்சடிக்கிறத நிப்பாட்டிட்டாங்க."

நான் மிகுந்த ஆர்வத்தோடு இரசாயனவியல் வினாத்தாளொன்றைப் புரட்டினேன். நான் கலைப்பிரிவு மாணவன். ஐந்து வருடப் பொய் இப்போது என் முகத்தில் அறையப் போகிறது, இத்தோடு இவன் என்னோடு கதைக்கமாட்டான் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அவன் கட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "வா, தேத்தண்ணி குடிப்பம்," என்றான்.

தேநீர்க் கடையில் அவனே தொடங்கினான்.

"இருபத்தேழோட நிண்டு போச்சு எண்டு எனக்குத் தெரியும். கடல் வாறதுக்கு முதலே கடையில கேட்டுட்டன்."

"பிறகு ஏன்டா என்னட்டக் கேட்ட?"

"வாற ஆக்கள் எல்லாம் அவளப் பத்தி ஒண்டும் கதைக்காம, கவனமா எழும்பிப் போனாங்க. நீயும் அப்படியே போயிருவாய் எண்டு நினைச்சன். அதான் கேட்டன்."

அவன் தட்டிலிருந்த ரோல்ஸைப் பிய்த்தான், சாப்பிடவில்லை.

"ஒண்டு செல்றன், கோவிக்காத. நீ வாற ஒவ்வொரு தரமும், இண்டைக்குச் சாச்சி ஊட்டுல இருந்து அவளக் கூட்டிட்டு வந்திருவாய் எண்டு பாத்திட்டே இருப்பன். பதினாலு தரம் பாத்தன்டா."

அவன் அழுவான் என்று பயந்துதான் அவளை மலைக்கு அனுப்பினேன் என்று அதுவரை என்னிடமே சொல்லிவந்தேன். உண்மையில் பயம் எனக்காக. அவன் அழுதால் பக்கத்தில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாது; அதனால் ஒரு சின்னப் பிள்ளையை மூன்று வருடம் வீட்டுக்கு வரவிடாமல் வைத்திருந்தேன்.

"இப்ப செல்லட்டா?" என்று கேட்டேன்.

அவன் தலையாட்டினான்.

"கலியாணம் முடிஞ்சி, தங்கச்சி பஸ்ஸால வந்து இறங்குறாள். அவன் ஓடிப் போய் அவளத் தூக்கி..."

"தூக்கேலாதுடா," என்று இடைமறித்தான். "இப்ப அவளுக்குப் பன்னிரண்டு வயசு. அதுக்கேத்த மாதிரிச் செல்லு."

அந்தக் கடையில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவே, அழுதது நான்தான். அவன் என் தேநீர்க் கிளாஸை எடுத்து, என் கை தட்டுப்படாத தூரத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.